இல்லாத பக்கத்திற்கு வரும் விருந்தினர்: வலைத்தள வருகைக் கணக்கைப் படிக்கும் முறை

முன்னுரை

நூலகத்தின் அடுக்கிலிருந்து ஒரு நூல் நீக்கப்பட்டால், அந்நூலை எத்தனை பேர் எடுத்தனர் என்னும் கணக்கும் அன்றோடு நின்றுவிடும். வலைத்தளத்தின் நிலை அவ்வாறன்று. ஆறு திங்களுக்கு முன்னர் நீக்கிய ஒரு பக்கம், இம்மாத வருகைக் கணக்கிலும் நூற்றுக்கணக்கான வருகைகளோடு நிற்கக் காண்கிறோம். சில வேளைகளில், இருக்கின்ற பக்கங்களைக் காட்டிலும் இல்லாத பக்கமே மிகுதியான விருந்தினரைப் பெற்றதாகப் புள்ளிவிவரம் கூறுகிறது. இல்லாத வீட்டிற்கு விருந்தினர் எவ்வாறு வர இயலும்? வந்தவர் யாவர்? அவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது?

இவ்வினாக்கள் கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரியவை அல்ல. இன்று கல்லூரித் துறைகளும், நூலகங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் தமக்கென வலைத்தளம் வைத்துள்ளன. அவற்றின் வருகை எண்ணிக்கை ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகிறது. எப்பக்கத்தை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதையும் பல இடங்களில் அவ்வெண்ணிக்கையே முடிவு செய்கிறது. எண்ணைத் தவறாகப் படித்தால் இருவகைத் தீங்குகள் நேரும். ஒன்று, இயந்திரங்களின் வருகையை மக்களின் வருகையாகக் கருதிப் பெருமை கொள்வது. மற்றொன்று, மக்கள் மெய்யாகவே தேடிவரும் ஒரு பக்கத்தின் கணக்கைப் பிழை எனத் தள்ளி, தேடி வந்தவர்களை மூடிய கதவின்முன் நிறுத்துவது. இவற்றுள் பின்னதே பெருந்தீங்கு என்பது நம் கருத்து. இக்கருத்தைப் படிப்படியாக இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணப்படுவது பக்கமா, முகவரியா?

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் உள்ளது. ‘பக்க வருகை’ என்று நாம் வழங்குகிறோம். ஆனால் வழங்கி எண்ணுவது பக்கத்தை அன்று. முகவரிக்கு வந்த கோரிக்கையை. பக்கத்தை நீக்குவது நம் கையில் உள்ளது. அதன் முகவரியைப் பிறர் நினைவிலிருந்தும் பிறர் ஏடுகளிலிருந்தும் நீக்குவது நம் கையில் இல்லை.

நமக்கு அறிமுகமான ஒன்றைக்கொண்டு இதனை விளக்கலாம். பவானி 1979ஆம் ஆண்டுவரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் பெரியார் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. 1990களின் பிற்பகுதியில் அம்மாவட்டம் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மடலின்மேல் எழுதவேண்டிய பெயர் மட்டும் இருமுறை மாறியது. பழைய பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவர்கள் பழைய பெயரையே எழுதி மடல் விடுப்பர் அன்றோ? அஞ்சலகத்தில் அமர்ந்து ‘பெரியார் மாவட்டம்’ என எழுதப்பெற்ற மடல்களை ஒருவர் எண்ணுவாராயின், அவருக்குக் கிடைப்பது மடல் எழுதுவோரின் நினைவைப் பற்றிய கணக்கே ஆகும். அம்மாவட்டம் இன்றும் அப்பெயரில் உள்ளது என்பதற்கு அது சான்றாகாது. நீக்கப்பட்ட பக்கத்தின் வருகைக் கணக்கும் இத்தகையதே.

பதிவேட்டின் ஒரு வரி

சர்வர் என வழங்கும் வழங்கிக் கணிப்பொறி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. 1990களில் உருவான இப்பதிவு முறை சிறு வேறுபாடுகளுடன் இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு வரியில் பொதுவாக ஏழு செய்திகள் இருக்கும். கோரிய கணிப்பொறியின் முகவரி எண், நாளும் நேரமும், கோரப்பட்ட பக்கத்தின் முகவரி, வழங்கி அளித்த விடையின் நிலைக்குறி எண், அனுப்பிய தரவின் அளவு, எத்தளத்திலிருந்து வந்தார் என்னும் குறிப்பு, எந்த உலாவியின் வழியாக வந்தார் என்னும் குறிப்பு ஆகியன அவை.

இவற்றுள் நான்காவதாகிய நிலைக்குறி எண்ணே நம் புதிரின் திறவுகோல். 200 என்பது கேட்டது கிடைத்தது எனப் பொருள்படும். 304 என்பது முன்பு பெற்றதே போதும், மாற்றமில்லை என்பது. 301 என்பது நிலையாக வேறிடம் சென்றுவிட்டது என்பது. 404 என்பது கேட்டது காணப்படவில்லை என்பது. 410 என்பது இருந்தது, இப்போது இல்லை, இனி வராது என்பது. நீக்கிய பக்கத்திற்கு வந்த கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகிறது; அவ்வரியில் 404 என்னும் எண் நிற்கிறது. வரிகளை மட்டும் எண்ணி நிலைக்குறியை நோக்காதவர்க்கு, கிடைத்ததும் கிடைக்காததும் ஒன்றாகவே தோன்றும்.

1997இல் வெளிவந்த வெப்பலைசர் என்னும் கணக்கு நிரல் இவ்வேறுபாட்டை இரு நிரல்களாகக் காட்டியது. ‘ஹிட்ஸ்’ என்பது வந்த கோரிக்கைகள் அனைத்தும். ‘ஃபைல்ஸ்’ என்பது அவற்றுள் ஏதேனும் அனுப்பப்பெற்றவை. காணப்படாதவை முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாதவர்கள் பெரிய எண்ணாகிய முன்னதையே எடுத்து வழங்கினர். 2000ஆம் ஆண்டளவில் தோன்றிய ஆஸ்டாட்ஸ் என்னும் நிரல், காணப்படாத முகவரிகளைத் தனிப் பட்டியலாகவே தந்தது. நீக்கிய பக்கங்களைத் தேடி வந்தவர்களைக் காண விழைவோர்க்கு அப்பட்டியல் ஒரு கருவூலம்.

கணக்கெடுப்பின் இரு முறைகள்

மேலே கூறியது வழங்கியின் பதிவேட்டைக்கொண்டு எண்ணும் முறை. மற்றொரு முறையும் உண்டு. பக்கத்தினுள்ளேயே ஒரு சிறு நிரலைப் பதித்து, அப்பக்கம் உலாவியில் திறக்கும்போது அந்நிரல் கணக்கு நிறுவனத்திற்குச் செய்தி அனுப்புமாறு அமைப்பது. 2005இல் தொடங்கிய கூகுள் அனலிட்டிக்ஸ் இம்முறையைப் பரவலாக்கியது.

இம்முறையில் ஓர் ஐயம் எழும். பக்கமே இல்லாதபோது அதிலுள்ள நிரலும் இல்லையே. பின் செய்தி அனுப்புவது யார்? இதற்கு நான்கு விடைகள் உண்டு.

முதலாவது, ‘காணப்படவில்லை’ என்று அறிவிக்கும் பக்கத்திலும் அதே நிரல் பதிக்கப்பட்டிருக்கும். தளத்தின் தலைப்பும் அடிப்பகுதியும் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக அமைவதால் இது இயல்பாக நேர்கிறது. அறிவிப்பைக் கண்டவர் கோரிய பழைய முகவரியே கணக்கில் ஏறுகிறது. கண்டது அறிவிப்பு மட்டுமே என்பது ஏறுவதில்லை. பெரும்பாலான புதிர்களுக்கு இதுவே விடை.

இரண்டாவது, பக்கத்தின் படி வேறிடங்களில் உயிரோடிருக்கும். உலாவியின் சேமிப்பிலும், இடைநிலை வழங்கிகளின் சேமிப்பிலும், பிறர் படியெடுத்து வைத்த தளங்களிலும் பழைய பக்கம் நிரலோடு இருக்குமாயின், அங்கே அதனைத் திறப்பவரும் நம் கணக்கில் சேர்வர். கூகுள் தேடுபொறி தன் சேமிப்புப் படிகளுக்கான இணைப்பை 2024இல் நீக்கிவிட்டமையால் அவ்வழி இப்போது இல்லை. ஏனைய வழிகள் உள.

மூன்றாவது, பொய்க் கணக்கு. நம் தளத்தின் கணக்கு எண்ணை மட்டும் அறிந்துகொண்டு, தளத்தின் பக்கமே வராமல், கணக்கு நிறுவனத்திற்கு நேரே பொய்ச்செய்தி அனுப்புவோர் உளர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் இத்தொல்லை உலகெங்கும் மிகுந்திருந்தது. கணக்கைப் பார்ப்பவர் ‘யார் இவர்?’ என்று வியந்து அத்தளத்திற்குச் செல்லவேண்டும் என்பதே அனுப்பியோரின் நோக்கம். இத்தகைய வருகைக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இராது. ஆதலின் பதிவேட்டையும் இக்கணக்கையும் ஒப்புநோக்கினால் பொய் வெளிப்படும்.

நான்காவது, கால எல்லை. கூகுளின் தேடல் அறிக்கை பதினாறு திங்களின் தரவைக் காட்டவல்லது. ஓராண்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு, மூன்று திங்களுக்கு முன்னர் நீக்கிய பக்கம் அதில் உள்ளதே என்று வியப்பது பொருந்தாது. அப்பக்கம் இருந்த ஒன்பது திங்களின் கணக்கு அது.

உயர்திணையும் அஃறிணையும்

தமிழ் இலக்கணம் சொற்களை முதற்கண் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கிறது. வருகைக் கணக்கைப் படிப்பவரும் முதலில் செய்யவேண்டியது இப்பகுப்பே. வந்தவர் மக்களா, இயந்திர நிரல்களா என்று பிரிக்காமல் மேலே செல்வது பயனற்றது.

‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள் பலவகையின. தேடுபொறிகளின் நிரல்கள் தாம் ஒருமுறை கண்ட முகவரியை எளிதில் மறப்பதில்லை. 404 என்னும் விடை பெற்ற பின்னும், பக்கம் திரும்ப வந்திருக்கக்கூடும் எனக் கருதி, இடைவெளி விட்டு நெடுங்காலம் வந்து பார்க்கும். மார்ட்டின் கோஸ்டர் 1994இல் முன்மொழிந்த ‘ரோபாட்ஸ்’ கோப்பு முறை, எங்கே வரவேண்டா என்று இந்நிரல்களுக்குக் கூறும் வழியாகும். அது 2022இல் முறையான இணையத் தரமாயிற்று. எனினும் அதற்குக் கட்டுப்படுவது நிரலை இயக்குவோரின் நாணயத்தைப் பொறுத்தது. 2023 முதல், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்காக உரை திரட்டும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் போன்ற நிரல்களும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளன.

இவையன்றித் தீய நோக்கமுடைய நிரல்களும் உள. இவை நம் தளத்தில் என்றுமே இருந்திராத முகவரிகளைக்கூட, குறிப்பாக நிருவாகிகள் நுழையும் வாயில்களின் வழக்கமான பெயர்களை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். ‘நாம் நீக்காத பக்கமும் நீக்கிய பக்கங்களின் பட்டியலில் உள்ளதே’ என்று திகைப்போர் இதனை நினைவிற் கொள்க.

பவானிக் கூடுதுறையில் காவிரியும் பவானியும் கலக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் அங்கே கலப்பதாக மக்கள் கூறுவர். கூடுதுறைக்குக் கீழே நின்று நீரை அளப்பவர்க்கு மொத்த அளவு கிடைக்கும். எவ்வாற்று நீர் எவ்வளவு என்பது கிடைக்காது. அதனை அறிய அவர் ஒவ்வோர் ஆற்றின் வழியாகவும் மேலே சென்று தனித்தனியே அளக்கவேண்டும். மாத இறுதியில் நம் கைக்கு வரும் வருகை எண்ணும் கூடுதுறைக்குக் கீழே அளந்ததே. பதிவேட்டைப் பிரித்துப் படிப்பதே மேலே சென்று அளப்பது.

தமிழ் முகவரிகளுக்கு உரிய சிக்கல்

ஆங்கில எழுத்துகளில் அமைந்த முகவரிகளுக்கு இல்லாத சில சிக்கல்கள் தமிழ் முகவரிகளுக்கு உண்டு. தமிழ்த் துறையினர் இவற்றைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

பதிவேட்டில் தமிழ் எழுத்து தமிழாகத் தோன்றுவதில்லை. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துருக்களுமாக எழுதப்படுகிறது. ‘பவானி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் ப, வ, ஆகாரக் கால், ன, இகரக் குறி என ஐந்து குறிகள். முகவரியில் அது நாற்பத்தைந்து உருக்களாக நீள்கிறது. இத்தகைய நெடிய முகவரியை மின்னஞ்சலிலோ கைப்பேசிச் செய்தியிலோ ஒட்டும்போது இடையில் முறிவதுண்டு. முறிந்த முகவரியைத் தொடுபவர்க்கு 404 கிடைக்கும். அக்கணக்கைக் காண்பவர் ‘நீக்கப்பட்ட பக்கம்’ எனக் கருதுவார். உண்மையில் அப்பக்கம் நலமாகவே இருக்கும்.

மற்றொரு சிக்கல் நுண்ணியது. ‘கொங்கு’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு முறை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என ஒருங்குறி விதியும் கூறுகிறது. ஆனால் அவ்விதியின்படி முகவரியைச் செம்மைப்படுத்தாத வழங்கிக்கு அவை இருவேறு முகவரிகள். ஒன்றில் பக்கம் உண்டு, மற்றொன்றில் இல்லை. கணக்குப் பட்டியலில் ‘கொங்கு’ இருமுறை தோன்றி, ஒன்று இருப்பதாகவும் ஒன்று இல்லாததாகவும் காட்டுமாயின், எழுத்துக்கூட்டலை முதலில் ஐயுறுக.

மெய்யான எடுத்துக்காட்டுகள்

இவை வெறும் கற்பனைகள் அல்ல என்பதற்குத் தமிழ் இணையத்தின் வரலாறே சான்று.

நம் மாவட்ட நிருவாகத்தின் வலைத்தளம் முன்னர், ‘ஈரோடு’ என்பதற்கும் தேசியத் தகவலியல் மையத்தின் பெயருக்கும் இடையே ‘டிஎன்’ என்னும் எழுத்துகள் அமைந்த முகவரியில் இருந்தது. இப்போது அவ்வெழுத்துகள் இன்றி ‘ஈரோடு.என்ஐசி.இன்’ என விளங்குகிறது. பிற மாவட்டங்களுக்கும் இம்மாற்றம் நேர்ந்தது. பழைய முகவரிகளை மேற்கோளாகக் காட்டிய ஆய்வேடுகளும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் அச்சிலும் திரையிலும் அப்படியே உள்ளன. அவற்றைப் படிப்பவர் அம்முகவரியையே தொடுவர்.

எழுத்துரு மாற்றமும் ஒரு காரணம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகள் ஏற்கப்பட்டன. ‘திஸ்கி’ முறையும் வழக்கில் இருந்தது. 2010 ஜூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. பழைய குறியீட்டில் இருந்த பக்கங்களைப் புதுக்கியவர்களுள் பலர் புதிய கோப்புகளைப் புதிய முகவரிகளில் இட்டனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் நூல்களைத் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. பழைய கோப்பின் முகவரியை எழுதி வைத்தவர் பழைய கதவையே தட்டுவார்.

ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளம் 1994இல் தோன்றி, 1999இல் யாகூ நிறுவனத்தின் உடைமையாகி, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழர் பலர் தம் முதல் வலைப்பக்கங்களை அமைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. மூடும்போது தன்னார்வலர் குழுக்களும், 1996இல் நிறுவப்பட்ட இணைய ஆவணக்காப்பகமும் இயன்றவற்றைப் படியெடுத்தன. எஞ்சியவை போயின.

கணக்கின் வரையறை மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு விக்கிப்பீடியா நல்ல சான்று. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2007 டிசம்பர் முதல் விக்கிமீடியா வெளியிட்டுவந்த பழைய கணக்குக் கோப்புகள், கோரப்பட்ட தலைப்பை எண்ணினவேயன்றி, அத்தலைப்பில் கட்டுரை உண்டா என்று நோக்கவில்லை. ஆதலின் நீக்கப்பட்ட கட்டுரைகளும், பிழையாகத் தட்டச்சிட்ட தலைப்புகளும் வருகை பெற்றனவாகக் காணப்பட்டன. 2015 மே முதல் வந்த புதிய வரையறை 200, 304 ஆகிய விடைகளை மட்டுமே பக்க வருகையாகக் கொள்கிறது. இரு காலத்தின் எண்களை அருகருகே வைத்து ‘வருகை குறைந்தது’ என எழுதுபவர், அளவுகோல் மாறியதை மறந்தவராவார்.

ஒரு பயிற்சி

மேற்கூறியவற்றை ஒரு பயிற்சியால் தெளிவோம். ஒரு கல்லூரித் தளத்தில் பவானி ஜமக்காளம் பற்றிய பக்கம் ஒன்று இருந்ததாகக் கொள்வோம். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடைய பொருள் அது. பக்கம் நீக்கப்பட்ட பின்னரும் ஒரு திங்களில் 1,000 கோரிக்கைகள் வந்ததாகக் கணக்குக் கூறுகிறது எனக் கொள்வோம். இங்கு வரும் எண்கள் யாவும் பயிற்சிக்காக நாம் அமைத்துக்கொண்டவை.

முதற்படி: பக்கம் மெய்யாகவே நீங்கியதா எனக் காண்க. பட்டியலிலிருந்து இணைப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கோப்பை வழங்கியிலேயே விட்டிருந்தால் விடை 200 என்றே வரும். 404 வருகிறது எனக் கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாம்படி: தம் பெயரைக் கூறிக்கொண்டு வந்த தானியங்கிகளைக் கழிக்க. அவை 540. எஞ்சியவை 460.

மூன்றாம்படி: பெயர் கூறாத தானியங்கிகளைக் கழிக்க. சீரான இடைவெளியில் வருதல், பக்கத்தோடு சேர்ந்த படங்களையும் அமைப்புக் கோப்புகளையும் கேளாது செல்லுதல் ஆகியன இவற்றின் அடையாளங்கள். அவை 250. எஞ்சியவை 210.

நான்காம்படி: நம்மவர் வருகையைக் கழிக்க. தளத்தைச் சோதிக்கும் நிரல்களும் பணியாளர்களும் 40 முறை வந்துள்ளனர். எஞ்சியவை 170.

ஐந்தாம்படி: ஒருவரே சில நிமிடங்களுக்குள் மீண்டும் மீண்டும் முயன்றதை ஒன்றாகக் கொள்க. அவ்வாறு கழிவது 50. எஞ்சியவை 120.

ஆயிரம் நூற்றிருபதாயிற்று. இதுவும் 120 மாந்தர் எனப் பொருள்படாது. கைப்பேசி வலையமைப்புகளில் ஒரே முகவரி எண்ணைப் பலர் பகிர்வதுண்டு. ஒருவரே இரு கருவிகளில் வருவதும் உண்டு. ஏறத்தாழ எனக் கொள்ளலாமே தவிர, துல்லியம் கூறலாகாது.

ஆறாம்படியே உயிர்நாடி. எஞ்சிய 120 எங்கிருந்து வந்தன? 70 பிறிதொரு தளத்தின் இணைப்பு வழியாகவும், 30 தேடுபொறி வழியாகவும் வந்துள்ளன. 20க்குக் குறிப்பில்லை என வைத்துக்கொள்வோம். குறிப்பில்லாதவை குறித்துவைத்த முகவரி, நேரே தட்டச்சிட்டது, கைப்பேசிச் செய்தியில் வந்த இணைப்பு எனப் பலவாறாக இருக்கலாம். இக்கால உலாவிகள் பெரும்பாலும் வந்த தளத்தின் பெயரை மட்டுமே தெரிவிக்கும். குறிப்பிட்ட பக்கத்தைத் தெரிவியா. ஆயினும் தளத்தின் பெயர் கிடைத்தால் அங்கே தேடி இணைப்பைக் கண்டுபிடிப்பது அரிதன்று. அது பள்ளி மாணவர்க்கான பாடத்துணையாக இருக்கலாம். நெசவுத் தொழில் பற்றிய கட்டுரையாக இருக்கலாம். எதுவாயினும், அங்கே நம் பக்கத்தைச் சான்றாகக் காட்டியவர் ஒருவர் உளர். அவரை நம்பி வந்து ஏமாந்தவர் பலர் உளர்.

கழித்த 880ஐக் கொண்டு பெருமை கொள்வது பிழை. எஞ்சிய 120ஐயும் அவற்றோடு சேர்த்துத் தள்ளுவது அதனினும் பெரும்பிழை.

நீக்குவோர் செய்யத்தக்கவை

பக்கம் வேறிடம் சென்றிருந்தால், பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு 301 என்னும் நிலையான வழிமாற்றம் அமைத்தல் வேண்டும். உள்ளடக்கம் வேறொரு பக்கத்தோடு இணைந்திருந்தாலும் இவ்வாறே செய்க.

மீண்டும் வராத வகையில் நீக்கியிருந்தால் 410 என்னும் விடையைத் தருதல் நேர்மையானது. அதனோடு ஒரு சிறு குறிப்பு, ‘இப்பக்கம் இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது, இது தொடர்பானவற்றை இங்கே காண்க’ என்று அமைந்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்பார்.

செய்யத்தகாதது ஒன்றுண்டு. காணப்படாத எல்லா முகவரிகளையும் தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிடுவது பலர் வழக்கம். இதனால் முகப்பின் வருகைக் கணக்கு பருக்கும்; ஜமக்காளத்தைத் தேடி வந்தவரோ முகப்பில் நின்று திகைப்பார். தேடுபொறிகளும் இதனை மறைமுகமான ‘காணப்படவில்லை’ என்றே கருதுகின்றன. கணக்கும் கெட்டது, விருந்தினரும் கெட்டார் என்பதே இதன் விளைவு.

அறிவிப்புப் பக்கத்திற்கு வரும் வருகை தனித் தலைப்பில் பதிவாகுமாறு கணக்கு நிரலை அமைத்துக்கொண்டால் புதிர் எழவே எழாது. எப்பக்கத்தையும் நீக்குமுன் இணைய ஆவணக்காப்பகத்தில் அதன் படி ஒன்றைச் சேமித்தலும் நன்று. ஆய்வு மாணவர்கள் தாம் மேற்கோள் காட்டும் பக்கங்களுக்கும் இவ்வாறே படி சேமித்து, பார்த்த நாளையும் ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. இன்றைய ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளுள் எத்தனை நாளை நிற்கும் என்பதை இவ்வெண்ணால் உய்த்துணரலாம்.

முடிவுரை

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இல்லாத பக்கங்கள் புதியன அல்ல. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை; பிற நூல்களில் எடுத்தாளப்பெற்ற செய்யுட்களால் இன்றும் அறியப்படுகின்றன. யாப்பருங்கல விருத்தியில் பெயர் மட்டும் எஞ்சிய நூல்கள் பல. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே இயற்றினார். நம் கொங்கு நாட்டு விசயமங்கலத்தைச் சார்ந்தவர் எனக் கூறப்படும் கொங்குவேளிரின் பெருங்கதை, முதலும் முடிவும் இன்றியே நமக்குக் கிடைத்துள்ளது. உரையாசிரியர் ஒருவர் காட்டிய மேற்கோள், மறைந்த நூலை நோக்கி நீட்டிய விரல். அவ்விரலைத் தொடர்ந்து சென்று நூலைக் காணாது மீளும் ஒவ்வொரு மாணவரும் காணப்படாத முகவரிக்குச் சென்ற விருந்தினரே.

அந்நூல்களை மீட்பது நம்மால் இயலாது. ஏடு செல்லரித்தது, ஆற்றில் போயிற்று. ஆனால் நேற்று நாம் நீக்கிய பக்கத்தின் மூலப்படி பெரும்பாலும் நம் கணிப்பொறியிலேயே இருக்கிறது. அதனைத் தேடி எவர், எங்கிருந்து வந்தனர் என்பதும் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது. உரையாசிரியர்களுக்கும் ஏடு காத்தவர்களுக்கும் கிட்டாத செய்தி இது. ஆதலின் மாத இறுதியில் வருகைக் கணக்கு வரும்போது, முதற்பக்கத்தின் பேரெண்ணோடு நின்றுவிடாமல், காணப்படாதவற்றின் பட்டியலையும் ஒருமுறை புரட்டுக. இயந்திரங்களைக் கழித்த பின்னும் ஒரு முகவரிக்கு மக்கள் வருகின்றனர் என்றால், அப்பக்கத்தை அதே முகவரியில் மீண்டும் இடுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் நன்று.